பெயருக்காகத் தூங்கியவள்

நீச்சல்காரி பத்தொன்பது மணி நேரம் விடாமல் நீந்தி அக்கரையில் ஏறியபோது அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. சீப்பு இருக்கிறதா என்று கேட்டாள், தலையை வாரிக்கொண்டாள், பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னாள். அந்தப் பத்தொன்பது மணி நேரக் களைப்பும் அங்கிருந்து நானூறு மைல் தள்ளி, கடல் இல்லாத ஓர் ஊரில், நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் வந்து இறங்கியது. விரலில் பசையோடு மேசையில் சாய்ந்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் சேர்த்தவர்கள் அவள் தோள்களில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தார்கள். வியர்வையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நீச்சல்காரியின் பெயரும் இவளுடைய பெயரும் ஒன்றே. அது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் இவளை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தூங்குமூஞ்சி வீடு என்றால்தான் தபால்காரருக்கே வழி தெரியும்.

அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வயிற்றில் இருக்கும்போதுகூட உதைத்ததில்லை என்று அவளுடைய அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் கணக்கின் முதல் பாதி அவள் நோட்டில் இருக்கும், மறுபாதி இருக்காது. ரத்தத்தைச் சோதித்தார்கள், ரத்தம் நன்றாக இருந்தது. தொண்டையைப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கறுப்பாக ஒரு டானிக் கொடுத்தார்கள். அந்த டானிக் அவளுடைய தம்பிக்குத்தான் உடம்பு போட உதவியது. சோம்பேறி என்று அப்பா முடிவுகட்டினார். ஆனால் சோம்பேறிக்கு இருக்கிற சுகம்கூட அவளுக்கு இல்லை. தூங்கி எழுந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அதிலும் நான்கு விதம் உண்டு என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒன்று தோள்பட்டையில் வரும், அன்றைக்கு நாக்கு கரிக்கும். ஒன்று இடுப்பிலும் இமைக்கு அடியிலும் வரும். ஒன்று தொண்டையில். நான்காவதுதான் மோசம், அது தலைக்குள் வரும், சாமான் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டுப் பூட்டிய வீடுபோல் மண்டை காலியாக இருக்கும். தூங்கியே களைத்துப்போகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை.

சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்குப் போனாள். அவள் தூங்கிய ஒரு வாரமும் கொட்டகை நிரம்பி வழிந்தது, வசூல் மட்டும் வரவில்லை. நூற்பாலைக்குப் போனாள், இரண்டாம் நாளே மேஸ்திரி, “தாயே, உன் விரலாவது மிஞ்சட்டும், வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவைத்தார். கடைசியில் நூலகம். நூலகர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர், ஆனால் மனிதர்களைப் பற்றிய கணிப்பில் தப்பாதவர். முன்மேசையில் அவள் தூங்கினால் உள்ளே வருகிறவர்கள் தாமாகவே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். அமைதி காக்கவும் என்ற பலகையைக் கழற்றி ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தார். அவளுடைய வேலை நிரந்தரமாயிற்று.

கல்யாணமும் தூக்கத்தில்தான் தொடங்கியது. அப்பாவின் முடிவெட்டுக்குத் துணையாகச் சலூனுக்குப் போனவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அப்பா வெட்டி முடித்து எழுப்பப் போனார். சலூன்காரர் தடுத்தார். தன் கடையில் தூங்குகிறவர்களை அவர் எழுப்புவதில்லை. கத்தியைக் கையில் வைத்திருக்கிறவன் முன்னால் ஒருவர் கண்ணை மூடுகிறார் என்றால் அது சாதாரண நம்பிக்கை இல்லை என்பது அவருடைய கட்சி. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மூன்று தலைகளை வெட்டினார், இரண்டு தாடிகளை மழித்தார், கண்ணாடிகளைத் துடைத்தார். அவள் விழித்தபோது கடையில் அவரும் அவளுடைய அப்பாவும் மட்டும் ஆளுக்கொரு பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கண் குருடா என்று ஊரில் கேட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சலூன்காரருக்குப் பத்திரிகை வாசிப்பது தொழிலின் ஒரு பாகம். நாட்டில் நடப்பது தெரியாதவனிடம் யாரும் தலையைக் கொடுக்கமாட்டார்கள். அவள் தோளில் உப்புப் பூத்த மறுநாள் நீச்சல்காரியின் படத்தோடு செய்தி வந்தது. பெயரைப் பார்த்தார், நமது வீட்டுப் பெயர்தானே என்று சிரித்துக்கொண்டு கத்தரித்துக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தார். மூன்று வாரம் கழித்து ஒரு பாடகர் ஒரே இருப்பில் ஒன்பது மணி நேரம் பாடினார், கடைசிப் பாட்டிலும் குரல் கம்மவில்லை என்று வந்தது. அவர் பெயரும் அதுவே. ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர் அது. அன்றைக்குக் காலையில்தான் தூங்குமூஞ்சி குரல் அடைத்துப்போய், சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதைக் கையால் காட்டியிருந்தாள். பிறகு அதே பெயருள்ள ஒரு சதுரங்கக்காரர் இரண்டு நாள் நீண்ட ஓர் ஆட்டத்தை வென்று, வென்ற கையோடு நாலு மைல் நடந்துபோனார். அந்த இரண்டு நாளில் அவள் தன் தெருவின் பெயரை மறந்து அடுத்த தெருவில் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கண் டாக்டரம்மா, அவரும் அதே பெயர்க்காரர், இலவச முகாமில் ஒரே நாளில் நூறு பேருக்குமேல் அறுவை செய்தார், நடுவில் உட்காரவே இல்லை. அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கண்ணாடி ஓரத்தில் நான்கு துண்டுகள் சேர்ந்தபோது சலூன்காரர் கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“இந்தா, உக்காரு. சிரிக்கக் கூடாது, கோவமும் படக் கூடாது.”

“எனக்குத் தூக்கம் வருது. சட்டுனு சொல்லுங்க.”

“அதத்தான் சொல்ல வந்தேன். நீ தூங்குறது உன் தூக்கமே இல்ல.”

துண்டுகளை வரிசையாகப் பரப்பி, தேதியைக் காட்டி, அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு அவளுக்கு வந்த கோபத்தில் தூக்கமே ஓடிப்போயிற்று.

“முப்பத்தோரு வருஷம்! சாயங்காலம் நாலு மணின்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு சினிமாவுக்கு முடிவு தெரியாது. அவங்களுக்கு மாலை, கைத்தட்டு, எனக்குத் தலகாணியா?” என்றாள். எல்லாரையும் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். கிட்டத்தில் இருந்தவர் கண் டாக்டர். பக்கத்து ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில், முகாம் நடந்துகொண்டிருந்தது.

கணவனோடு பஸ்ஸில் போகும்போதே என்ன கேட்பது என்று மனப்பாடம் செய்துகொண்டாள். என் காலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது முதல் வரி. வராந்தாவில், கண்ணில் சொட்டு மருந்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்களுக்கு நடுவில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பின் கதவுக்குப் பின்னால் டாக்டரம்மா வேலையைத் தொடங்கினார். ஒவ்வொருவராக உள்ளே போகப் போக இவளுடைய இடுப்பில் ஒவ்வொரு முடிச்சாக விழுந்தது, முதல் வரியைத் தாண்டி எதுவும் ஞாபகம் வரவில்லை, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். விழித்தபோது மறுநாள் காலை. அதே வராந்தாவில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குப் பஞ்சை எடுத்ததும் அவர் தன் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ எப்ப இவ்ளோ குள்ளமானே?” என்றார். அந்த அம்மாள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள், அடித்த கையாலேயே அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்து ஒருத்தி தன் விரல்களை விரித்து எண்ணினாள், பத்து வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். தூங்குமூஞ்சி கடைசிக் கட்டு பிரிகிறவரை நின்று பார்த்தாள்.

“வாங்க, போகலாம்” என்றாள்.

“கேக்கலயா?”

“நூத்திப் பன்னெண்டு பேருங்க. நான் ஒரே ஒரு நாள்தான் தூங்குனேன்.”

அதற்குப் பிறகு அவள் தூங்கிய விதமே மாறிப்போனது. ஆபீசுக்குக் கிளம்புகிறவள்போல் முகம் கழுவி, தலை வாரி, துவைத்த விரிப்பைப் போட்டுப் படுத்தாள். தொண்டை அடைத்தால் ரேடியோவை வைக்கச் சொன்னாள். தோள் வலித்தால், எந்தக் கடலோ தெரியவில்லையே, அலை இல்லாமல் இருக்கட்டும் என்றாள். இப்படி ஒன்பது வருடம் போயிற்று. அந்த ஒன்பது வருடத்தில் டாக்டர் நாற்பதாயிரம் பேருக்குப் பார்வை கொடுத்தார், நீச்சல்காரி இன்னும் இரண்டு கடல்களைக் கடந்தாள், சதுரங்கக்காரர் மூன்று முறை பட்டம் வாங்கினார், பாடகருக்கு வெளிநாட்டில் எல்லாம் அழைப்பு வந்தது. சலூனில் மின்விசிறி மாட்டினார்கள்.

பத்தாவது வருடம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, சலூன்காரரின் கையிலிருந்து கத்தரிக்கோல் மூன்று தடவை நழுவி விழுந்தது. பாதம் மரத்துப்போனது என்றார். செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பேச்சு குழறியது, மாலைக்குள் மூச்சு முட்டியது. நரம்பில் வருகிற நோய் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். காலிலிருந்து மேலே ஏறும். ஏறிய மாதிரியே தானாக இறங்கியும் போகும். அதுவரை அவருக்காக யாராவது மூச்சுவிட வேண்டும். அதற்கான இயந்திரம் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று இருந்தது, அதில் ஒரு பாகம் போயிருந்தது. அந்தப் பாகம் தலைநகரத்திலிருந்து வரவேண்டும். அன்று காலையில்தான் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. சலூன்காரரின் தொண்டையில் குழாயைப் போட்டு, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள். கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே அமுக்கவேண்டும்.

முதல் இரண்டு நாள் முறைவைத்து அமுக்கினார்கள்: நர்ஸ், வார்டில் வேலைசெய்கிற பெண், இரண்டு வாடிக்கையாளர்கள், தூங்குமூஞ்சி. முக்கால் மணி நேரத்தில் யாருக்கும் மணிக்கட்டு செத்துப்போகும். மூன்றாம் நாள் காலையில் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அவர்கள் ஓடினார்கள். வெள்ளத்தில் அடிபட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். அறுபது பேருக்கு ஒரே நர்ஸ். பை தூங்குமூஞ்சியின் கையில் இருந்தது. எங்கோ டாக்டரம்மா முதல் அறுவையைத் தொடங்கியிருக்கவேண்டும்; இடுப்பில் அந்த முடிச்சு விழுந்தது, இமைக்கு அடியில் மணல் ஏறியது. அவள் உதட்டைக் கடித்தாள். பாட்டுப் பாடினாள். எழுந்து நின்று அமுக்கினாள். நின்றபடியே தூங்கினாள்.

தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பிய நர்ஸ் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். சலூன்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. எட்டு, பத்து தடவை அமுக்கிய பிறகு நிறம் திரும்பியது. அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அசைக்க முடிந்தது இமையை மட்டும்தான். அந்த இமைக்குள்ளிருந்து அவர் மனைவியைப் பார்த்தார். குற்றம்சாட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். எழுப்ப மனமில்லாதவரின் பார்வை அது.

சாப்பாட்டுத் தூக்கோடு முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து சேர்ந்த நூலகரிடம் அவள் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தூக்கை வைத்துவிட்டுக் கிளம்பினார். நூலகத்துக்குப் போனார், நாட்டின் முக்கியஸ்தர்கள் என்ற கனத்த புத்தகத்தை எடுத்தார். அந்தப் பெயருக்குக் கீழே நான்கு பேர் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்: கண் மருத்துவம், சங்கீதம், சதுரங்கம், நீச்சல். தொலைபேசி எண்களைக் குறித்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனார், ஊரில் அங்கே மட்டும்தான் லைன் உயிரோடு இருந்தது. நான்கு பேரிடமும் சொன்னது ஒன்றேதான்: “உங்க பேர்ல இங்க ஒரு பொண்ணு இருக்கு. இத்தன வருஷமா உங்க களைப்ப அது தூங்கித் தீர்த்துச்சு. இப்ப அது தூங்கக் கூடாது. தயவுபண்ணி நீங்க படுத்துக்கணும்.”

டாக்டரம்மா எதற்காக என்று கேட்டு, பை அமுக்குகிற விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பிறகு, “நிமிஷத்துக்குப் பன்னெண்டு. அவசரப்பட்டு அமுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நடுநடுவுல குழாய்ல சளி எடுக்கணும், நர்ஸுக்குத் தெரியும்” என்றார். அன்றைய பட்டியலை உதவி டாக்டர்களிடம் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, காலணியோடு கட்டிலில் சாய்ந்தார். பாடகர் போனிலேயே அழுதுவிட்டார். “யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் சார். இவ்ளோ பாடியும் தொண்ட வலிக்கலேன்னா அந்த வலி எங்கயோ போயிருக்கணுமே.” அவர் அந்த மாதக் கச்சேரிகளை ரத்து செய்தார். நீச்சல்காரிக்கு நான்கு நாளில் தேர்வுப் போட்டி, குளத்தின் ஓரத்தில் நின்று, தலையில் நீர் சொட்ட, அவள் கேட்டது ஒன்றுதான்: “எத்தன நாளைக்கு?” தெரியாது என்றார் நூலகர். “சரி, படுத்துக்கறேன்” என்றாள். சதுரங்கக்காரர், வெட்டி ஆட்களுக்கு எல்லாம் யார் எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, கையில் பையோடு கண் சொருகிக்கொண்டிருந்த தூங்குமூஞ்சியின் இடுப்பு திடீரென்று லேசாயிற்று. ஈரத்துணியை யாரோ தோளிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. தொண்டை திறந்தது. அவள் பார்த்தாள்: ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின, கட்டிலின் காலில் யாரோ ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன, சலூன்காரரின் வலது புருவத்தில் ஒரு நரை இருந்தது. எல்லாம் விளிம்பு தெரிகிற மாதிரி இருந்தன. மணிக்கட்டு வலிக்கவில்லை. வலி அவளுக்குள் உண்டாகி, அந்தக் கணத்திலேயே வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்து, “நான் பிடிக்கிறேன்க்கா, நீங்க போய்ப் படுங்க” என்றாள். “நீ மத்தவங்களப் பாரும்மா. எனக்கு ஒண்ணும் பண்ணல” என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து கேட்டபோதும் அதையே சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னாள். நர்ஸ் அவளுக்குச் சோறு ஊட்டினாள், குளியலறைக்குப் போய்வருகிற சில நிமிடங்கள் மட்டும் பையை வாங்கிக்கொண்டாள்.

பையை அமுக்கிக்கொண்டே அவள் கணவனுக்குப் பத்திரிகை வாசித்தாள். பக்கத்தைத் திருப்ப அடுத்த கட்டில்காரர் உதவினார். வாழ்நாளில் ஒரு பத்தியை முழுசாக முடிக்காதவள் தலையங்கம் வாசித்தாள், டெண்டர் அறிவிப்பு வாசித்தாள், காணாமல்போன ஒரு பசுமாட்டின் அடையாளங்களை இரண்டு தடவை வாசித்தாள். பிடித்திருந்தால் அவர் ஒரு தடவை இமைத்தார், பிடிக்காவிட்டால் இரண்டு. மாலை நான்கு மணியும் வந்தது. மேகம் விலகி, எதிர்ச்சுவரில் சாய்வாக விழுந்த வெயில் மஞ்சளாகி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிப்போனது. “என்னங்க, இதானா நாலு மணி? ஒருத்தரும் எங்கிட்ட சொல்லவே இல்லயே” என்றாள். அவர் ஒரு தடவை இமைத்தார்.

ஆனால் தலைக்குள் வருகிற களைப்பு மட்டும் போகவில்லை. சதுரங்கக்காரர் பட்டப்போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் காயை நகர்த்த உட்காரும் நேரமெல்லாம் அவளுடைய மண்டையிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. முதலில் பத்திரிகையின் எழுத்துகள் போயின. பிறகு எண்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி அமுக்கவேண்டும், அவளுக்கு மூன்றுக்குப் பிறகு என்ன என்பது தெரியவில்லை. அடுத்த கட்டில்காரர் சத்தமாக எண்ணிக்கொடுத்தார். அவர் களைத்ததும் அவருக்கு அடுத்த கட்டில். அந்த வார்டில் கால் ஒடிந்தவர்களும் காய்ச்சல்காரர்களும் மூன்று நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் கட்டிலில் கிடப்பது யார் என்று நர்ஸிடம் கேட்டாள். கேட்டபோதும் கை நிற்கவில்லை.

அன்று தபால் ஆபீசுக்கு நூலகரைத் தேடி ஓர் அழைப்பு வந்தது. சதுரங்கக்காரர் இந்த முறை கத்தவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இன்ன தேதி, இரண்டு நாள் ஆட்டம் ஒன்று ஆடினேன், அன்றைக்கு அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டார். தன் தெருப் பெயரை மறந்து அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்றார் நூலகர். வந்து திறந்தவரிடம், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாளாம்.  “இப்ப?” என்றார் சதுரங்கக்காரர். “இப்ப புருஷன் யாருன்னு தெரியல, சார். ஆனா அமுக்கிட்டேதான் இருக்கு.” அவர் ஆட்ட மேசைக்குத் திரும்பினார். இன்னும் ஆறு நகர்வில் வெற்றி என்பது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நின்றபடியே, தோற்றதாகத் தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு, எதிராளியின் கையைக் குலுக்கி, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்திரிகைகள் விலைபோய்விட்டார் என்று எழுதின. அவர் அதை வாசிக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். வார்டில் தூங்குமூஞ்சி நிமிர்ந்து பார்த்து, “அட, நம்ம ஆளு” என்றாள்.

மேலும் ஐந்து நாள் போனது. படகில் ஏற்றி, மாட்டுவண்டியில் இறக்கி, ஒரு சைக்கிளின் பின்னால் கட்டி, இயந்திரத்தின் பாகம் வந்துசேர்ந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நர்ஸ் அவளுடைய கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். விரல்கள் அதற்குப் பிறகும் சிறிது நேரம் மூடித் திறந்துகொண்டிருந்தன. ஒன்பது நாள், ஒன்றரை லட்சத்துக்குமேல் மூச்சு என்று நர்ஸ் கணக்குப் போட்டாள். மூன்று வாரத்தில் சலூன்காரர் தானாக மூச்சுவிட்டார், நான்கு மாதத்தில் நடந்தார், அடுத்த வருடம் கத்தரிக்கோலைப் பிடித்தார். முதலில் வெட்டியது, எண்ணிக்கொடுத்த அடுத்த கட்டில்காரரின் தலையை. கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அவர் அப்படியே ஊரெல்லாம் நடந்து காட்டினார்.

நான்கு பேரிடமிருந்தும் கடிதம் வந்தது. அவள் நன்றி எழுத உட்கார்ந்தபோது அவர்களுடைய நன்றி முந்திக்கொண்டது. களைப்பு வராதவர்களுக்குத் தூக்கமும் சரியாக வந்ததில்லையாம். படுப்பார்கள், கண்ணை மூடுவார்கள், அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் உடம்பு கட்டிலுக்குள் இறங்குவதுபோல் தூங்கினேன், தேர்வு போனதில் வருத்தமில்லை என்று நீச்சல்காரி எழுதினாள். டாக்டரம்மா, எழுந்ததும் பசித்தது, முழுத்தட்டுச் சாப்பிட்டேன் என்றார். பாடகர் எட்டுப் பக்கம் எழுதினார். சதுரங்கக்காரர் இரண்டு வரி: “எனக்குக் கனவு வந்தது. அதில் அம்மா இருந்தாள்.” இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் படுத்துக்கொள்வது, அன்றைக்கு அவள் விழித்திருப்பது என்று ஏற்பாடாயிற்று. முதல் ஞாயிறு கணவனும் மனைவியும் ஒரு சினிமாவை முடிவுவரை பார்த்தார்கள். நூலகர், புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை வாசலில் நிறுத்திவைக்கிற நூலகர், அந்தக் கனத்த புத்தகத்தை எடுத்து, நான்கு பெயர்களுக்குக் கீழே பென்சிலால் ஐந்தாவதாக அதே பெயரை எழுதி, பக்கத்தில் துறை என்ற இடத்தில் தூக்கம் என்று குறித்தார்.

அடுத்த வருடம் நர்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெயரையே வைத்தாள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது நீச்சல்காரி நான்காவது கடலைக் கடந்தாள். தூங்குமூஞ்சி இரண்டு நாளுக்குப் பதில் ஒரு நாளில் எழுந்துவிட்டாள். அன்றைக்கு நர்ஸின் குழந்தை பால் குடித்துவிட்டு வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கியது, தோளில் லேசாக உப்பு இருந்தது. விஷயம் வார்டுக்குத் தெரிந்தது. கால் ஒடிந்தவரின் பேரனுக்கு அந்தப் பெயர் வந்தது. காய்ச்சல்காரியின் மகளுக்கு வந்தது. கண்ணில் கட்டுப் பிரித்த கண்டக்டரின் வீட்டிலும் ஒன்று. பிறப்பைப் பதிகிற குமாஸ்தா, “ஏற்கெனவே பதினாலு இருக்கே, குழப்பம் வராதா?” என்று கேட்டார். “இருக்கட்டும் சார், இன்னொரு கை சேரட்டும்” என்றார்கள். அவரும் அடுத்த மாதம் தன் மகனுக்கு அதையே பதிந்தார்.

இப்போது தூங்குமூஞ்சி தினமும் எட்டு மணி நேரம் தூங்குகிறாள், மாலையில் சலூனில் உட்கார்ந்து சத்தமாகப் பத்திரிகை வாசிக்கிறாள், அரசியலில் அவளிடம் வாய்கொடுக்க ஆட்கள் யோசிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு வகுப்புக்கு மூன்று, நான்கு பிள்ளைகள். எங்காவது யாராவது கடலைக் கடந்தாலோ, ஒரு பாட்டு நீண்டுபோனாலோ, மதிய வகுப்பில் அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டு மேசையில் தலையைச் சாய்ப்பார்கள். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் சாத்தி, மற்ற பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். பத்து நிமிடத்தில் அவர்கள் எழுந்துவிடுவார்கள். பாடம் தொடரும்.